விழுப்புரத்துப் புகைமுகங்கள்

விழுப்புரம் ஜங்ஷனில் காப்பி பிரமாதமாக இருக்கும் என்று கொழும்பில் நாலு பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். யுத்த காலத்துக் காப்பியில் பாதி புளியங்கொட்டை என்பதை அவர்கள் சொல்லவில்லை. அதைக்கூட மன்னித்திருப்பேன். டம்ளரை நீட்டிய ஆள் என் முகத்தைப் பார்த்ததும் அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கினான். நான் குடித்து முடிக்கும்வரை நிறுத்தவில்லை. காசு வேண்டாம் என்கிறானாக்கும் என்று நினைத்தேன். நீட்டினால் காசும் வாங்கிக்கொண்டான், தலையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

நான் வந்தது என் அண்ணனின் முகத்தைத் தேடி. அண்ணன் சென்னையில் எஞ்சினீயருக்குப் படித்துவிட்டு, சர்க்கார் வேலையில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சாலைப் பாலங்களும் ஏரி மதகுகளும் கட்டிக்கொண்டிருந்தவன். கூடவே போட்டோப் பைத்தியம். கட்டின பாலத்தை எல்லாம் படம் எடுப்பான். பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனங்களையும் எடுப்பான். யுத்தம் தொடங்குவதற்கு முன்பே விஷக்காய்ச்சலில் போய்விட்டான். தந்தி கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது இங்கே சாம்பல் ஆறியிருந்தது.

வீட்டில் அவனுடைய படம் ஒன்றே ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் எடுத்தது. அதைக் கரையான் தின்றது, அதுவும் முகத்திலிருந்து ஆரம்பித்து. அம்மாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும் ஒரே பிடிவாதம், கொழும்புக்கு வந்தும் மாறாத தெற்கத்திப் பேச்சில். "கண்ணு அவிஞ்சு போறதுக்குள்ள எம் புள்ளைய ஒருக்கப் பாத்துரணும்ல. ஊரையெல்லாம் படம் எடுத்தவன ஒருத்தங்கூடவா எடுக்காமப் போயிருப்பான்? போய்த் தேடிட்டு வா. முகம் இல்லாட்டி ஒரு நகக்கண்ணாவது கொண்டா."

நானும் அந்தத் தொழில்தான். கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில், படம் எடுப்பதும், எடுத்த படத்தில் மாப்பிள்ளைமார்களின் அம்மைத் தழும்பைப் பென்சிலால் மூடிக் கொடுப்பதும் என் வேலை. அண்ணனின் படம் யார் வீட்டிலாவது இருந்தால் அங்கேயே அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது திட்டம். யுத்தத்தில் கண்ணாடிப் பிளேட்டுக்குப் பஞ்சம். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே ஒரு பிளேட் கொடுத்தார். காமிரா அண்ணனுடையதே விழுப்புரத்தில் இருந்தது.

அதை வைத்திருந்தவர் கண்ணுசாமி. அண்ணனிடம் அளவுகோல் பிடித்த கலாசி. ஸ்டேஷன் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். நான் எஞ்சின் புகைக்குள்ளிருந்து வெளியே வந்ததும், தோளில் இருந்த துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் நின்றார்.

"எங்க ஐயாவே எறங்கி வந்துக்கினு இருக்காருன்னு நெனச்சிட்டேங்க" என்றார். "அந்த நடை, அந்த மூக்கு. சொல்லிட்டு வரக்கூடாதாங்க, இந்த மாதிரி இருப்பேன்னு?"

என் மூக்கைப் பற்றி முன்கூட்டியே கடிதம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று பிற்பகலே, அண்ணன் குடியிருந்த தெருவில் படம் இருக்கும் வீடுகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் வீடு ஒரு நெல் வியாபாரியுடையது. கூடத்தில் பெரிய குடும்பப் படம் மாட்டியிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். புடவை மடிப்பு எண்ணலாம் போல விழுந்திருந்தது. ஒட்டியாணத்தில் கல் தெரிந்தது. நாற்காலிக் காலில் இருந்த கீறல் தெரிந்தது. ஆனால் கழுத்துக்கு மேலே ஒருவருக்கும் முகம் இல்லை. வரிசையாகப் புகைதான் இருந்தது.

இரண்டாவது வீட்டில் கல்யாணப் படம். இரண்டு மாலைகள், மாலைக்கு மேலே இரண்டு புகைச் சுருள். மூன்றாவது வீட்டில் ஒரு தாயும் மடியில் குழந்தையும். குழந்தைக்கும் புகை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. கொழும்பில் இப்படி ஒரு படம் எடுத்தால் முதலாளி என்னைக் கடலில் தள்ளிவிடுவார். அண்ணனுக்குப் பாலம் கட்டத் தெரிந்த அளவுக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

அதே வீட்டில் உள்சுவரில் இன்னொரு படம். நாற்காலியில் ஒரு கிழவர். தாடியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இவர் மட்டும் நன்றாக விழுந்திருக்கிறாரே" என்றேன்.

"அவரு செத்தப்பறம் எடுத்ததுங்க" என்றாள் வீட்டுக்காரி, என் முகத்தைப் பார்க்காமல். பேசி முடித்த பிறகும் அவளுடைய தலை ஆடிக்கொண்டே இருந்தது.

 எந்தச் சுவரிலும் அண்ணன் இல்லை. வெளியே வந்ததும் கண்ணுசாமியைப் பிடித்துக்கொண்டேன். "பேஜாரு புடிச்ச கதைங்க அது. வூடுங்க நடுவுல நின்னு சொல்ல மாட்டேன். ஒங்க அண்ணாரு இருக்கிற படம் ஒண்ணு இருக்குது, அது திண்டிவனத்துல. காலையில பஸ்ல போய்க்கினே சொல்றேன்" என்றார்.

அவர் வீட்டில் கேப்பைக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் சாப்பாடு. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆப்பமும் சம்பலும் தின்று வளர்ந்த வாய் மென்றுகொண்டே இருந்தது. கண்ணுசாமியின் மனைவி கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஊரில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

மறுநாள் காலை ஏறினது கரி பஸ். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்பதால் பஸ்ஸின் முதுகில் ஒரு கொப்பரையை மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கொழும்பிலும் இந்தக் கூத்து உண்டு. ஆனால் அங்கே மழை வந்து நம் முகத்தைக் கழுவிவிடும். இங்கே விக்கிரவாண்டி போவதற்குள் எல்லோரும் ஒரே நிறமாகிவிட்டோம். அங்கே கரி தள்ள வேண்டும் என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். நான் காமிராப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, காலாற நாலு எட்டு நடந்தேன்.

சாலையோரம் ஒரு வீட்டு வாசலில் வேப்பமரம். அதன் கீழே கயிற்றுக் கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருந்தார். எலும்பும் தோலும்தான். என்னைப் பார்த்ததும் அவர் இரண்டு கைகளையும் தூக்கி வேகமாக ஆட்டினார். தெரியாத ஊரில் இவ்வளவு பிரியமா என்று நானும் கையை ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். காலையும் ஆட்டினார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஆட்டினேன். வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் ஓடி வந்து, கட்டிலோடு அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். மூடின கதவுக்குப் பின்னால் அந்தக் கிழக்குரல் கேட்டது. "நான் ஆட்றேன் பாரு... நல்லா ஆட்றேன் பாரு..."

கண்ணுசாமி ஓடி வந்தார். "பெட்டிய எறக்காதீங்க சாமி. ஜல்தியா வந்து ஏறுங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றேவிட்டது. கொப்பரையில் ஏதோ அடைத்துக்கொண்டதாம். டிரைவர் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருக்க, நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அவித்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்றுக்கொண்டு வந்தாள் ஒருத்தி. கொழும்பில் கச்சான் என்று வறுத்துத்தான் தருவார்கள். அவித்ததில் உப்பு இறங்கிச் சுகமாக இருந்தது. தூரத்தில் மயிலம் மலை தெரிந்தது. அங்கேதான் கண்ணுசாமி வாயைத் திறந்தார்.

"இந்தப் பக்கத்துல உசுரோட இருக்கறவங்கள போட்டா புடிக்க வுட மாட்டாங்க. ஆயுசு கொறைஞ்சிடும்பாங்க. செத்தா மட்டும் ஐயாவைக் கூப்டுவாங்க. நாற்காலியில குந்த வெச்சி, மாலை போட்டு, ஒரு படம். அதான் அந்தாளுக்கு மொதலும் கடைசியும். ஐயா பொட்டியத் தூக்கிக்கினு தெருவுல வந்தா, யாரு வூட்ல எழவுன்னு எட்டிப் பாப்பாங்க."

"அந்தக் கிழவர்..." என்றேன்.

"ஆமாங்க. ஒங்களப் பாத்தா ஐயாவாட்டம் இருக்குது. பொட்டியும் அதே பொட்டி. அவருக்காவத்தான் வந்தீங்கன்னு நெனச்சிக்கினாரு."

மல்லாட்டை எனக்கு அதற்குமேல் இறங்கவில்லை.

அண்ணன் செத்ததற்கு முந்திய வருடம் திண்டிவனம் ஏரியில் மதகு வேலை நடந்தது. ஆறுமுகம் என்ற மேஸ்திரியின் ஆறு வயதுப் பெண் காய்ச்சலில் கிடந்து ஒரு நாள் மூச்சு நின்றுபோனது. மேஸ்திரி வேலையிடத்துக்கு அழுதுகொண்டு வந்து அண்ணனைக் கூப்பிட்டார். பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்தால் சரிந்து சரிந்து விழுந்தது. கடைசியில் அண்ணனே நாற்காலியில் உட்கார்ந்தான். தான் படத்தில் தெரியக்கூடாது என்று தலையோடு ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டான். பிள்ளையை மடியில் வைத்து, தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காமிராவின் மூடியைத் திறந்து மூடினது கண்ணுசாமி.

"வேட்டிக்குள்ளேருந்து 'எண்ணு'ன்னாரு. நான் எண்ணி மூடினேங்க."

அப்படியானால் இருக்கும் ஒரே படத்திலும் முகம் இல்லை. கடல் தாண்டி வந்தது ஒரு வேட்டியைப் பார்க்கவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேட்டிக்கு வெளியே என்ன தெரியும் என்று கேட்டேன். "ரெண்டு கை தெரியுங்க. அவ்ளோதான்."

அண்ணனிடம் ஒரு வழக்கம். பிளேட்டைக் கழுவிப் பார்த்து, படம் சரியாக விழுந்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் உடலை எடுக்கலாம். கெட்டுப்போயிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும் அல்லவா? அன்றும் ஏரிக்கரைக் கூடாரத்துக்குள் போய்க் கழுவினான். அங்கே பொழுது சாய்கிறது என்று ஜனங்கள் காத்திராமல் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடாரத்துக்குள்ளிருந்து அண்ணன், "காமிராவை அசைத்தாயா?" என்று கேட்டானாம். இல்லை என்றாராம் கண்ணுசாமி. காமிரா அசைந்தால் எல்லாமே கலைந்திருக்கும். இதில் வேட்டி தெளிவு, மாலை தெளிவு, பிடித்திருந்த கைகள் தெளிவு. பிள்ளையின் உதடும் இமையும் மட்டும் புகை.

இது எனக்குச் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. செத்தவர்கள் அசைவதில்லை. அவர்களைப் போலத் தெளிவாக விழுகிறவர்கள் கிடையாது.

"சட்டைகூட இல்லாம, ஈரப் பிளேட்டக் கையில வெச்சிக்கினு கரைமேல ஓடினாரு. நான் பின்னால ஓடறேன். குழியில எறக்கிட்டாங்க. மொதப்பிடி மண்ணு போட்டாச்சி. குதிச்சித் தூக்கினாருங்க. வெந்நி ஒத்தடம் குடுத்து, நெருப்புகிட்ட வெச்சிக்கினு குந்தினோம். மூச்சு வந்திச்சி."

அதற்கப்புறம் ஊருக்கு ஊர் ஒரே பேச்சாம். படத்தில் அசைந்தால் உயிர், அசையாவிட்டால் பிணம். பயம் தெளிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். ஆனால் மூடி திறந்ததும் தலையை ஆட்டினார்கள். அண்ணன் கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் விட்டுவிட்டான். நான் அவனைக் கைத்தொழில் தெரியாதவன் என்று நினைத்ததை எண்ணி எனக்குக் கண் கலங்கியது. கண்ணுசாமி இன்னொன்றும் சொன்னார், மெதுவாக.

"அந்தப் படத்துல புள்ள அசைஞ்சிச்சி. ஐயா கை அசையலைங்க. அடுத்த வருசம் அவரு பூட்டாரு. தன் உசுர அதுக்குக் குடுத்துட்டாருன்னு பேசிக்கிறாங்க."

பஸ் கிளம்பித் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது பொழுது போய்விட்டது. சத்திரத்தில் படுத்தேன். மூட்டைப்பூச்சிகள் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பயப்படவில்லை.

மூன்றாம் நாள் காலை மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். ஏரிக்குக் கீழே மண்சுவர் வீடு. வாசலில் ஒரு பெண் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதிருக்கும். செத்துப் பிழைத்த பிள்ளை என்று பழைய பெயரை விட்டுவிட்டுக் குப்பம்மாள் என்று வைத்திருந்தார்கள். எமன் குப்பையைத் தேடி வரமாட்டான் என்ற கணக்கு. என்னைப் பார்த்ததும் அவளுடைய தாய் அஞ்சலை உள்ளேயிருந்து பாய்ந்து வந்து மகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"குடுத்தத திருப்பிக் கேக்க வந்தீங்களா சாமி?" என்றாள். 

இவர் ஐயாவின் தம்பி, உயிருள்ள மனிதர், படத்தைத்தான் பார்க்க வந்தார் என்று கண்ணுசாமி சொல்லிப் பார்த்தார். மேஸ்திரி மோர் கொடுத்தார், பாய் போட்டார், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் தலை மட்டும் 'முடியாது' என்று ஆடியது. படம் உள்சுவரில் இருந்தது, முகம் சுவரைப் பார்த்தபடி. நாங்கள் பார்த்தது பின்பக்கத்து அட்டையைத்தான்.

"பிளேட்ட நானே கல்லுல போட்டு ஒடைச்சேங்க. எம்பொண்ணு இன்னொருவாட்டி செத்தவளா வுழக் கூடாதுன்னு. இந்த ஒரு படம் ஐயா கையால குடுத்தது, அதால வெச்சிருக்கோம். இது வூட்ட வுட்டுப் போனா அவ உசுரும் போயிடும்."

"படம் வேண்டாம். இங்கேயே ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன்."

"மறுபடியும் அந்தப் பொட்டியா?" என்று அஞ்சலை அலறினாள். "எங்களுக்கு இருக்கறது இவ ஒருத்திங்க."

எனக்கும் கோபம் வந்தது. "எங்கள் அம்மா பெற்றவன்தான் அந்தக் குழிக்குள் குதித்தான். அவளுக்கு ஒரு முகம்கூட மிச்சமில்லை. கண் மறைவதற்குள் அந்தக் கையையாவது பார்க்கட்டும்" என்றேன்.  நான் அழுவேன் என்று நினைக்கவில்லை.

 குப்பம்மாள் தாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து உள்ளே போனாள். படத்தை எடுத்துத் திருப்பி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் வந்து நின்றாள்.

"என்னிய ஆடாம புடிச்சிக்கினு இருந்தாருன்னு தெனம் சொல்றியே நைனா" என்றாள் தகப்பனைப் பார்த்து. "அவுங்கம்மாவுக்கு நான் புடிச்சிக்கினு நிக்கக் கூடாதா?"

மேஸ்திரி எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"எடுங்க" என்றாள் என்னிடம். "ஆனா நான் மொகத்த ஆட்டுவேன்."

இத்தனை வருடத் தொழிலில் நான் ஆயிரம் பேரிடம் ஆடாதே என்று சொன்னவன். "ஆட்டும்மா. நல்லா ஆட்டு. கை மட்டும் ஆடாமல் இருக்கட்டும்" என்றேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் தலைகீழாக அவள், அவள் நெஞ்சில் தலைகீழாக அந்தப் படம். வெள்ளை வேட்டி போர்த்திய ஓர் உருவம், தலையும் இல்லை முகமும் இல்லை. அதன் மடியில் ஒரு குழந்தை. குழந்தையின் தோளில் இரண்டு கைகள். இடது சுண்டு விரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி, அம்மா மாதக்கணக்கில் எண்ணெய் போட்டு நீவிய விரல்.

பிளேட்டை மாட்டினேன். மூடியைக் கழற்றினேன். அவள் தலையை ஆட்டினாள். அஞ்சலையும் ஆட்டினாள், மேஸ்திரியும் ஆட்டினார், கண்ணுசாமியும் ஆட்டினார். நான் மூடிவிட்டேன்.

பெட்டியைக் கட்டப் போனபோது அஞ்சலை வாசலை மறித்து உட்கார்ந்தாள். "கழுவிப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. ஐயா அப்படித்தான் செய்வாரு."

நியாயம்தான். சமையலறையின் சந்துபொந்தை எல்லாம் சாக்கால் அடைத்து, லாந்தருக்குச் சிவப்புத் துணி சுற்றி, அரிசிப் பானைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது சுவர் வழியாகத் தெரிந்தது. நான் கையோடு கொண்டுவந்திருந்த மருந்து நீரில் உருவம் மெல்லத் தலைதூக்கியது. முதலில் வந்தது கைகள். பிளேட்டில் எல்லாம் மாறித்தானே தெரியும்: வேட்டி கறுப்பாக, அண்ணனின் கறுத்த கைகள் வெளுப்பாக. நீர் ஆடியதில் அவை என்னை நோக்கி வருவது போலிருந்தது. தொழில்காரன்தான், ஆனாலும் தட்டைவிட்டுப் பின்னால் நகர்ந்து ஒரு பானையில் இடித்துக்கொண்டேன். பிறகு அவள் விரல்கள் வந்தன. அவள் முகம் மட்டும் வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தும் அங்கே புகைதான் இருந்தது.

வெளியே வந்தேன். "அசைந்திருக்கிறாள்" என்றேன்.

அஞ்சலை மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அதன் பிறகு எனக்குக் கேப்பைக் கூழும் வறுத்த கருவாடும் கிடைத்தன. கூழ் குடிக்க மெல்ல வேண்டியதில்லை.

கொழும்புக்கு வந்து பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். முகம் இல்லை என்று முன்னாடியே சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, படத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். சுண்டு விரலில் வந்து நின்றாள். ரொம்ப நேரம் அங்கேயே இருந்தாள். நான் கதையை முழுக்கச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்க வேண்டியதையும் சொல்லிவிட்டேன்.

"இந்தப் பொண்ணு முகம் அசையுது" என்றாள். "மடியில கெடக்கிற பச்சப்புள்ள உதடும் அசையுது. இவன் கை மட்டும் ஏம்ல அசையல?"

பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று இறுக்கிப் பிடித்திருந்தான் அம்மா என்றேன். உண்மையும் அதுதான்.  அவள் சட்டத்தை மடியில் கிடத்தி, இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, தொட்டிலை ஆட்டுவது போல மெதுவாக ஆட்டினாள்.

இப்போது படம் சுவரில் இருக்கிறது. அம்மாவுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. ஆனாலும் தினம் குளித்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வந்து சட்டத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். அது ஆணியில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். நிற்கும்வரை அவள் அங்கேயே நிற்பாள். நின்றதும் இன்னொரு தட்டுத் தட்டிவிட்டுச் சாப்பிட வருவாள்.